தங்கச்சியின் பேர் செக்ரோலில் ஏறிய வருஷம்

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஆவதற்காக நான் ஒரு வருஷம் ஹட்டனில் தங்கிப் படித்தேன். அந்த ஒரு வருஷமும், அதுவரை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் தங்கச்சி மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் கொஞ்சம் நல்லவளாகத் தெரிவேனோ என்று யோசித்துப் பார்த்ததுண்டு. எப்படிச் சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

எங்கள் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனிலிருந்து ஏறிப் போகவேண்டிய மலையில் இருந்தது. வேலையாட்களுக்கான வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், எங்களுக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை. அப்பா மார்ச்சளியில் போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவும் நானும் கொழுந்து எடுத்தோம், தங்கச்சி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு படித்தாள். நான் ஐந்தோடு நின்றவள். ஆனால் நன்றாக வாசிப்பேன், கணக்குப் போடுவேன், வாயும் கொஞ்சம் நீளம். இந்த மூன்றில் எதைப் பார்த்துத் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசானி, என்னைப் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும் நடை பழகிய பிள்ளைகளையும் விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் பயிற்சி பெற்ற ஒரு பெண் வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் அப்படியொரு பயிற்சி நடத்தினார்கள். தங்குமிடமும் சாப்பாடும் துரைசானி பொறுப்பு. பாஸ் பண்ணி வந்தால் பிள்ளைக்காம்பராவில் வேலை.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சிக்கலைச் சொன்னவர், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா.

"இவ போயிட்டா உங்க காம்பராவுல ஒரு பேருதானம்மா இருக்கும்? ஒரு பேருக்கு முழுக் காம்பரா குடுக்கத் தொரை விடமாட்டாரு. இன்னொரு குடும்பத்தத்தான் உள்ள போடணும்."

பேர் என்றால் தோட்டத்து வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் பதிந்த ஆள்; ஒரு நாள் வேலைக்குப் போடும் கணக்கையும் பேர் என்றுதான் சொல்வோம். எங்கள் தோட்டத்தில் ஒரு காம்பராவில் நிம்மதியாக இருக்க இரண்டு பேராவது வேலை செய்யவேண்டும். நடுவே ஒரு சாக்குப் படுதாவைக் கட்டிக்கொண்டு, இன்னொரு குடும்பத்து ஆம்பிளைகளுக்கு இந்தப் பக்கம் மூன்று பெண்கள் எப்படி உடுப்பு மாற்றுவது, எப்படித் தூங்குவது? அம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது. கண்டாக்கையா கெட்டவர் இல்லை. உதவி செய்வதாக நினைத்துத்தான் அடுத்ததைச் சொன்னார்.

"சின்னவள பதிஞ்சிருவோம். வளத்தியாத்தானே இருக்கா. வயசக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தங்கச்சியை யாரும் பார்க்கவில்லை. நான்தான் வாயைத் திறந்து, "ஒரு வருசந்தானே" என்றேன். கண்டாக்கையா யோசனை சொன்னார், அம்மா தலையாட்டினாள், துரைசானிக்கு எதுவுமே தெரியாது. பழியைப் பங்குபோட வேண்டுமென்றால் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தை என்னுடையது.

தங்கச்சி அழவில்லை. "அக்கா படிச்சு முடிச்சு வந்ததும் நா திரும்பப் போகலாந்தானே?" என்று மட்டும் கேட்டாள். சத்தியமாக என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன்.

ஹட்டனில் என் முதல் நாள் மானம் கப்பலேறியது. கன்னியர் மடத்தோடு ஒட்டி ஒரு பாலர் வகுப்பு இருந்தது. கடைக்காரர் பிள்ளைகள், கிளாக்கர் பிள்ளைகள், வெள்ளைச் சப்பாத்துப் போட்டு வரும் பிள்ளைகள். அதில்தான் நாங்கள் பழகவேண்டும். "இவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்" என்று சிஸ்டர் என்னிடம் விட்டுப் போனார். எனக்குக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த விதம் ஒன்றே ஒன்றுதான். எல்லாரையும் வரிசையில் நிறுத்தினேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். பிந்தி வந்த ஒரு குட்டிப் பையனை, "எங்க போயி நின்ன இவ்வளவு நேரம்? போ, ஒனக்கு இன்னிக்கிப் பேரு இல்ல" என்று விரட்டினேன். அவன் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டான்.

சிஸ்டர் ஓடி வந்து பையனைத் தூக்கிக்கொண்டார். "உனக்கு யார் இப்படிப் பிள்ளைகளை நடத்தச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்.

"கங்காணிங்க, சிஸ்டர்" என்றேன். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகுதான் உறைத்தது. அதே நேரம் மலையில் என் தங்கச்சியை யாரோ வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டிருப்பார்கள். அவள் பிந்திப் போயிருந்தால் இதே வசனத்தைக் கேட்டிருப்பாள்.

படிப்பு எனக்குப் பிடித்துப்போனது. அதையும் மறைக்கமாட்டேன். கல்யாண வயதில் இருந்த நாங்கள் எல்லாம் முயல்போலக் குந்திக் குந்திக் குதித்தோம், களிமண்ணில் யானை செய்தோம், யானை பன்றியாகிப் போனபோது அதுவும் நல்லதுதான் என்று சிஸ்டர் சொன்னார். காலையிலும் மாலையிலும் ஜெபம். நான் மனசுக்குள் மாரியம்மாவையும் சேர்த்துக்கொண்டேன், இரண்டு தரப்பிலும் என்னோடு யாரும் சண்டைக்கு வரவில்லை. பிள்ளை கையில் இருப்பதைப் பிடுங்காதே. பிள்ளை பேசும்போது அதன் உயரத்துக்குக் குனி. விளையாட்டுத்தான் பிள்ளையின் வேலை, வேறு வேலை அதற்குக் கொடுக்காதே. இதையெல்லாம் சிஸ்டர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் மட்டும் குனிந்துகொள்வேன். பாடம் கசந்தது என்று இல்லை. பாடம் இனித்தது, அதுதான் கஷ்டம்.

மாதத்துக்கொரு தரம் ரயிலேறி வீட்டுக்கு வருவேன். தங்கச்சி கொழுந்துக்கூடையை இறக்கி வைத்த கையோடு என் பக்கத்தில் வந்து குந்துவாள். தலையில் கூடைக்கயிறு அழுத்திய இடத்தில் முடி ஒட்டிக் கிடக்கும். காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசியும். அதையெல்லாம் அவள் கவனிக்க மாட்டாள்.

"அக்கா, இந்த மாசம் என்னா சொல்லிக் குடுத்தாங்க?"

சொல்லவேண்டும். ஒன்று விடாமல் சொல்லவேண்டும். பாட்டென்றால் பாடிக்காட்ட வேண்டும், கதை என்றால் கரடிக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல். நான் அலுப்பில் சுருக்கினால் கண்டுபிடித்துவிடுவாள்.

"மொசக்குட்டிப் பாட்ட இன்னொருவாட்டி பாடிக் காட்டேன்."

"கொழுந்து எடுக்குற புள்ளைக்கு எதுக்குடி மொசக்குட்டி?" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள். அம்மாவுக்கும் உறுத்தல் இருந்தது. அவளுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். எனக்கோ எரிச்சலாக வரும். ஹட்டனிலிருந்து வந்த களைப்பு என்று சாக்குச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடைசியில் வீட்டுக்கு வருவதையே ஒன்றுவிட்டு ஒரு மாதம் என்று குறைத்தேன். படிப்பு அதிகம் என்று சொல்லியனுப்பினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் நிஜம்.

வருஷக் கடைசியில் சோதனை. எழுத்துச் சோதனை எப்படியோ போனது. வாய்மொழிச் சோதனைக்குக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வந்திருந்தார். வெள்ளைச் சேலை, மூக்குக்கண்ணாடி, அவசரமே இல்லாத பேச்சு.

"நீர் கிட்ட இருந்து வடிவாக் கவனிச்ச ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லும் பாப்பம்" என்றார்.

பாலர் வகுப்பில் நான் கவனித்த பிள்ளைகள் இருந்தார்கள். சொல்வதற்கு ஆயத்தமும் செய்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது தங்கச்சி. சின்ன வயதில் அவள் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைப் பொறுக்கி வந்து லயத்து வாசலில் வரிசையாக நட்டு வைப்பாள். அதுதான் அவள் பள்ளிக்கூடம். அதில் வளைந்த குச்சி ஒன்று இருக்கும். எந்நேரமும் அதற்குத்தான் திட்டு விழும். திட்டி முடித்த பிறகு அதைப் பிடுங்கி மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்து, மறுபடி நட்டு, பக்கத்துக் குச்சியிடம் "இவன சேத்துக்க" என்று சொல்வாள். இதைச் சொன்னபோது எனக்கே நல்ல குரல் வந்துவிட்டது. அந்த அம்மா பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"நல்ல பிள்ளை. இப்ப அது என்ன செய்யுது?"

"படிக்கிறா, மிஸ்."

நாக்குக் கூசவில்லை. கூசியிருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவருக்கு மகிழ்ச்சி. "அடுத்த கிழமை உம்மட தோட்டத்திலை செய்முறைச் சோதனைக்கு வரேக்கை நான் அந்தப் பிள்ளையைப் பாக்கவேணும்" என்றார்.

அன்றைக்கே ரயிலேறி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"பொய்யச் சொல்லித்தான் டீச்சராகணுமா?"

"பாஸாகலேன்னா இந்த ஒரு வருசமும் வீணாப் போயிரும்மா" என்றேன். யாருடைய வருஷம் என்று அம்மா கேட்கவில்லை. தங்கச்சி அதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டாள். நாடகத்தில் வேஷம் கிடைத்தது போல அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நாலாம் வகுப்பு என்று சொல், வாசிக்கச் சொன்னால் நாலாம் வகுப்புப் பாடம்தான் தெரியும் என்று சொல், அதற்கு மேல் வாயைத் திறக்காதே என்று சொல்லிக்கொடுத்தேன்.

செய்முறைச் சோதனைக்கு முதல் நாள் பின்னேரம் தண்ணீர் விழும் பீலிக்கரையில் அவளை உட்காரவைத்துக் கைகளைத் தேய்த்தேன். கொழுந்துக் கறை விரல் ரேகையெல்லாம் கறுப்பாக ஏறியிருந்தது. சவுக்காரம் போட்டேன், புளி போட்டேன், எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்த்தேன். விரலில் இருந்த வெடிப்புகளில் எலுமிச்சை பட்டு அவள் துள்ளினாள். "சும்மா இருடி" என்று அதட்டினேன். அதட்டிவிட்டு, பிள்ளை பேசும்போது அதன் உயரத்துக்குக் குனிய வேண்டும் என்று படித்தவள்தானே என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. கறை கொஞ்சம் மங்கியது, போகவில்லை.

மறுநாள் அந்த அம்மா பக்டரி வரைக்கும் காரில் வந்து, அங்கிருந்து கண்டாக்கையாவோடு நடந்து வந்தார். பிள்ளைக்காம்பராவைக் கழுவி, கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு, மற்றப் பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்கார வைத்திருந்தேன். என் பழைய நீலப் பாவாடையைக் கட்டிக்கொண்டு தங்கச்சி மூலையில் நின்றாள். உள்ளே வந்த கண்டாக்கையா அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கத்தான். பிறகு பக்கத்தில் நின்ற வெள்ளைச் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். வயதைக் கூட்டிப் பதிந்த கை அவருடையது. அதன்பிறகு அந்த மனிதர் கூரைத் தகரத்தை எண்ணுவது போல மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

களிமண் விளையாட்டு, மணல் தட்டு, முயல் பாட்டு. பிள்ளைகள் என்னைக் கைவிடவில்லை. பாட்டில் நடுவே எனக்கு ஒரு அடி மறந்துபோக, மூலையிலிருந்து தங்கச்சி எடுத்துக்கொடுத்தாள். அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஓ, இவதானே தங்கச்சி? இங்கை வா பிள்ளை. எத்தினையாம் வகுப்புப் படிக்கிறாய்?"

"அஞ்சாம் வகுப்புங்க, மிஸ்."

நான் சொல்லிக்கொடுத்தது நாலு. அவள் பள்ளிக்கூடத்தை விடாமல் இருந்திருந்தால் இப்போது ஐந்து. கணக்கு வைத்திருக்கிறாள்! மலையில் நின்றுகொண்டு, கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, மனசுக்குள் தன்னை வகுப்பேற்றி வைத்திருக்கிறாள்.

"இதென்ன கையெல்லாம் கறுப்பு?"

"அக்காவுக்குக் களிமண்ணு பெசஞ்சு குடுத்தேங்க, மிஸ். கழுவியும் போகல."

அந்த அம்மா சிரித்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு கதைப்புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தை விரித்துக் கொடுத்தார். தங்கச்சி விரலை எழுத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாசிப்பது போலவே உரத்த குரலில் வாசித்தாள். ஒரு சொல்லில் தடக்கினாள். மறுபடி எழுத்துக் கூட்டி அதையும் தாண்டிப் போனாள். பக்கம் முடிந்த பிறகும் நிறுத்தாமல் தாளைப் புரட்டினாள். போதும் என்று அந்த அம்மா சொல்லும்வரை வாசித்தாள். அவள் மறந்திருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மறந்திருந்தால், படிப்பு இவளுக்கு எப்படியும் ஏறியிருக்காது என்று சொல்லிக்கொண்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"நல்ல ஆசிரியை எண்டா முதல்லை வீட்டிலை தெரியும். உம்மட வீட்டிலை தெரியுது" என்று என் தோளைத் தட்டிவிட்டு அந்த அம்மா போனார்.

காரின் சத்தம் வளைவில் மறைந்ததும் கண்டாக்கையா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "நல்லவேள, வயசக் கேக்கல" என்றார். பிறகு நல்லெண்ணத்தோடேயே தங்கச்சியிடம் சொன்னார்: "இன்னும் அர நாள் கெடக்கு. ஓடிப் போயி மாத்திக்கிட்டு மலைக்கு வா. அரப் பேராவது போட்டுர்றேன்."

அவள் ஓடினாள். நான் பிள்ளைகளின் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

சான்றிதழ் வந்தது. வேலையும் வந்தது. முதல் வேலையாகக் கண்டாக்கையாவிடம் போய், தங்கச்சியின் பேரை வெட்டிவிடுங்கள், இனி நான் இருக்கிறேன் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"டீச்சர் வேல செக்ரோல்ல வராதும்மா. லயத்துக் காம்பரா செக்ரோல்ல இருக்கவங்களுக்குத்தானே. ஒன் பேரு இனி கணக்குல இல்ல. சின்னவ பேர வெட்டுனா பழையபடி அம்மா மட்டுந்தான்."

கிளாக்கர், கண்டாக்கையா மாதிரி மாதச் சம்பளம் வாங்கும் ஸ்டாப்புக்குக் கொடுக்கும் வீடு கிடைக்காதா என்று கேட்டேன். அந்த அளவுக்கு நான் ஸ்டாப்பும் இல்லை. துரைசானி அதற்குள் சீமைக்குப் போயிருந்தார். துரையிடம் கேட்டதற்கு, பார்க்கலாம் என்று பதில் வந்தது. தோட்டத்தில் பார்க்கலாம் என்றால் அதோடு சரி.

ஒரு வழி இருந்தது. நான் திரும்பப் பெரட்டுக்குப் போயிருக்கலாம். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாள். யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் அப்படிச் செய் என்று சொல்லவும் இல்லை. ஒரு ஞாயிறு முழுவதும் அதை யோசித்தேன். பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. சுத்தமான சேலையும் அட்டை கடிக்காத காலும் பிடித்திருந்தன. நான் போகவில்லை.

மறுநாள் காலையில், பெரட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தங்கச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். செக்ரோல், காம்பரா, ஸ்டாப்பு என்று கண்டாக்கையாவின் வார்த்தைகளையே திருப்பிச் சொன்னேன். அவள் அழுவாள், சத்தியம் பண்ணினாயே என்று கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும். இடுப்பில் சாக்குப் படங்கைச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டு இறுக்கிய பிறகு நிமிர்ந்தாள்.

"அந்த மிஸ்சு அடுத்த வருசமும் வருவாங்களா, அக்கா?"

"வரலாம். ஏன்?"

"வந்தா ஆறாம் வகுப்புன்னுல்ல சொல்லணும். நம்ம தோட்டத்துல ஆறாம் வகுப்பு இல்லியே. எந்தப் பள்ளிக்கூடம்னு கேட்டா என்னத்தச் சொல்றது?"

ஹட்டனில் இருந்த பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் பெயரைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் மறந்துவிடாமல் இருக்க அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு போனாள்.